தேய்ந்த காசும் கொல்லியின் பெயரும்

எருசலேம் ஆலயத்தில் ஆண்டவர் இயேசுவிடம் சிலர் வந்தனர். சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று வினவி, அவரைச் சொல்லில் சிக்கவைக்க முயன்றனர். மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் நிகழ்ச்சி இது. அவர் உடனே விடை கூறவில்லை. தெனாரியம் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். அதில் உள்ள உருவமும் எழுத்தும் எவருடையவை என்று கேட்டார். வந்தவர்கள் தயங்காமல் விடை சொன்னார்கள். காசின் முகம் தெளிவாக இருந்ததால் அவர்களால் அவ்வாறு சொல்ல முடிந்தது. பல கைகள் மாறி, நெடுங்காலம் மண்ணுள் கிடந்து, உருவமும் எழுத்தும் மழுங்கிப்போன காசாக அது இருந்திருந்தால், அந்த வினாவுக்கு விடை கூறுவது எத்துணை அரிதாக இருந்திருக்கும்!

இது வெறுங்கற்பனை அன்று. திபேரியு சீசரின் தலை பொறித்த வெள்ளித் தெனாரியமே அன்று ஆண்டவர் முன் நீட்டப்பட்ட காசு என்பது அறிஞர் பலரின் கருத்து. அதே வகைத் தெனாரியங்கள் நமது கொங்கு மண்ணில் பானை பானையாகக் கிடைத்துள்ளன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட உரோமை வெள்ளிக்காசுகள் அகப்பட்டன. தமிழகத்தில் கிடைக்கும் உரோமை வெள்ளிக்காசுகளில் அகுஸ்து சீசரும் திபேரியு சீசரும் வெளியிட்டவையே மிகுதி. அவை நடமாடிய நிலப்பரப்பின் ஒரு விளிம்பில் நிற்பது கொல்லிமலை. அந்த மலையின் பெயரைத் தாங்கிய பழங்காசும் அதே நிலப்பரப்பில்தான் கிடைத்தது. தேய்ந்த காசு ஒன்றை எங்ஙனம் அடையாளம் காண்பது, அதில் நாம் எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்பதை இக்காசுகளின் துணைகொண்டு சற்று எண்ணிப் பார்ப்போம்.

மலையும் மன்னனும்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி என்னும் அடிவாரத்திலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறுவோர் கொல்லிமலையின் மேட்டுநிலத்தை அடைவர். மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் விளையும் பூமி அது. மலையாளிப் பழங்குடி மக்களின் தாயகம். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் காண வருவோர் பலர். கொல்லிப் பாவையைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடியதைத் தமிழ் கற்றோர் அறிவர். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழாவும் நடக்கிறது.

ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வில்லாற்றலுக்கும் கொடைக்கும் பெயர்பெற்ற அவனை வன்பரணரும் கழைதின் யானையாரும் பாடியுள்ளனர். ஆயினும் அவன் முடிவு துயரமானது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, அவனது கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான் என்னும் செய்தி அகநானூற்றில் இருக்கிறது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குரிய பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் போரிட்டு வென்றதையும், பின்பு தகடூரை எறிந்ததையும் அப்பத்தின் பதிகம் கூறுகிறது. இவ்வாறு ஒரு வள்ளலின் மலை, இரும்பொறை மரபினர் என்று பெயர் பெற்ற சேரர் கிளையினரின் உடைமையாயிற்று.

இவையெல்லாம் பாடல்கள் தரும் செய்திகள். பாடல் என்பது புலவன் தன் தலைவனை வாழ்த்த எழுந்தது. அதில் உயர்த்திக் கூறலும் உண்டு, மறைத்துப் பேசலும் உண்டு. ஏடுகளில் படியெடுத்துப் படியெடுத்து வந்த அப்பாடல்களின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அப்படியானால் இரும்பொறை என்றொரு மரபு உண்மையிலேயே இருந்ததா? கொல்லி அவர்களுடையதாக இருந்ததா? பாடலுக்கு வெளியே நின்று சாட்சி சொல்ல யாராவது உண்டா?

உண்டு என்று முதலில் சொன்னது கல். கரூருக்கு அண்மையில் உள்ள புகளூர் ஆறுநாட்டார் மலையில், சமணத் துறவி ஒருவர்க்கு உறையுள் அமைத்துக் கொடுத்ததைக் கூறும் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை 1960-களில் தெளிவுறப் படித்து விளக்கிய பெருமை ஐராவதம் மகாதேவனைச் சேரும். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையினர் அங்கே பெயர் பெறுகின்றனர். இரும்பொறை என்னும் பெயர் புலவர்களின் புனைவு அன்று என்பது உறுதியாயிற்று. கல்லுக்குப் பின் சாட்சி சொல்ல வந்தது காசு.

ஆற்று மணலில் வந்த சாட்சி

கரூர் நகரைத் தழுவி ஓடும் அமராவதி ஆறு, பழங்காசு ஆய்வாளர்க்கு ஒரு கருவூலம். வெள்ளம் வடிந்து ஆறு வறண்ட காலத்தில் மணலைச் சலித்துப் பிழைக்கும் எளிய மக்களின் கைகளில் காசுகள் அகப்படும். அவை பழம்பொருள் வணிகர்களிடம் போகும். ஒரு சில ஆய்வாளர்களின் கண்ணுக்கு எட்டும். முத்திரைக் காசுகள், சங்ககால மூவேந்தரின் காசுகள், உரோமை நாட்டுக் காசுகள், கிரேக்கர் உலகத்துக் காசுகள் என அந்த ஆறு தந்தவை பல. தினமலர் ஆசிரியராக இருந்து 2021-ஆம் ஆண்டில் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் பல்லாண்டுகள் உழைத்து அவற்றைத் திரட்டி, படித்து, நூல்களில் வெளியிட்டனர். பெருவழுதி என்னும் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசை அவர் 1980-களில் வெளிப்படுத்திய பிறகே, சங்க மன்னர் பெயர் பொறித்துக் காசு அடித்தனர் என்பது பலர்க்கும் தெரியவந்தது.

அமராவதி தந்த சேரர் காசுகளுள் இரண்டு நம் கருத்தைக் கவர்கின்றன. ஒன்று மாக்கோதை என்னும் பெயரும் ஒரு மனிதத் தலையும் பொறித்தது. மற்றொன்று குட்டுவன் கோதை என்னும் பெயரும் தலையும் பொறித்தது. இரண்டும் கலப்பு வெள்ளியால் ஆனவை. பின்புறம் வெறுமையாக விடப்பட்டவை. ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டையோ அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தையோ சேர்ந்தவை என்பர். தலையைச் சுற்றி எழுத்தை அமைத்த முறை உரோமைத் தெனாரியத்தை அப்படியே நினைவூட்டுகிறது. மிளகு வாங்க வந்த வணிகர் கொண்டுவந்த காசில் சீசரின் முகத்தைக் கண்ட சேரன், தன் முகத்தையும் தன் பெயரையும் காசில் பொறிக்க விரும்பினான் எனலாம். ஆலயத்தில் ஆண்டவர் கேட்ட வினா உருவத்தையும் எழுத்தையும் பற்றியது. அவ்விரண்டும் ஒருசேரத் தமிழ்க் காசில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

அதே ஆற்றில், அதே போன்ற கலப்பு வெள்ளியில், வேறு சில காசுகளும் கிடைத்தன. அவற்றின் எழுத்துகள் கொல்லிப்பொறை என்றும், கொல் இரும்பொறை என்றும் படிக்கப்பட்டுள்ளன. பொறை, இரும்பொறை என்பவை சேரர் குடிப்பெயர்கள். கொல்லிப்பொறை என்றால் கொல்லிக்கு உரிய பொறையன் என்று பொருள் கொள்வது இயல்பு. காரி கொடுத்த மலையைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட சேரன் ஒருவன், அப்பெயரைக் காசிலும் பொறித்தான் எனில், பாட்டும் காசும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஆனால் இவ்விடத்தில் நாம் நின்று நிதானிக்க வேண்டும். அதே எழுத்தைக் கொல்லிப்புறை என்று படித்தவர்களும் உண்டு. பிராமி எழுத்தில் பகரத்தின் அடியில் ஒரு சிறு கீற்று இருந்தால் அது புகரம். தலையில் இருபுறமும் கீற்று இருந்தால் அது பொகரம். அரிசி அளவே உள்ள எழுத்தில், தேய்ந்த வெள்ளியின் மேல், அந்தக் கீற்று மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறிவிடுகிறது. இன்னொரு காசில் உள்ள கொல் என்பது கொல்லியின் குறுக்கமா, அல்லது பகைவரைக் கொல்லும் இரும்பொறை என்னும் அடைமொழியா? தமிழ் இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. ஆகவே மலையின் பெயர் என்று துணிந்து சொல்லத்தக்கது முதற்காசுதான். இரண்டாவதை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாமே ஒழிய, தனித்துச் சான்றாக நிறுத்த இயலாது.

தேய்ந்த காசைப் படிக்கும் முறை

இனி நம் காலத்துக்கு வருவோம். உலோகம் இருக்குமிடம் காட்டும் கருவியை இப்போது யாரும் விலைக்கு வாங்கலாம். அதன் வளையத்தில் மாறி மாறி எழும் காந்தப் புலம் மண்ணுள் கிடக்கும் உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அதை உணர்ந்து கருவி ஒலி எழுப்பும். உலோகம் உண்டு என்பதை மட்டுமே அது சொல்லும். அதன் காலத்தையோ உரியவரையோ சொல்லாது. புட்டியின் மூடிக்கும் பழங்காசுக்கும் அது ஏறக்குறைய ஒரே குரலில் கூவும். கொல்லியின் அடிவாரத்தில் ஒருவர் கையில் அத்தகைய கருவியாலோ ஏர்முனையாலோ ஒரு தேய்ந்த செப்புக்காசு அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் எப்படி அணுக வேண்டும்?

முதலாவது கடமை, அதைத் துலக்காமல் இருப்பது. நம் வீடுகளில் செப்புப் பாத்திரத்தைப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்ப்பது வழக்கம். காசையும் அவ்வாறு தேய்த்தால், எஞ்சியிருந்த எழுத்தும் புளியோடு போய்விடும். செம்பின் மேல் படியும் பச்சையும் சிவப்பும் வெறும் அழுக்கு அல்ல. பல நேரங்களில் காசின் மேற்பரப்பு அந்தப் படிவிலேதான் உயிரோடு இருக்கிறது. அதனை நீக்கினால் முகமும் சேர்ந்து நீங்கும்.

இரண்டாவது, தேய்வுக்கும் அரிப்புக்கும் உள்ள வேற்றுமையை அறிதல். பலர் கைபட்டுத் தேய்ந்த காசில் மேடான பகுதிகள் முதலில் மழுங்கும்: கன்னம், மூக்கு, காதுக்கு மேலுள்ள முடி. பள்ளத்தில் உள்ள எழுத்து சில வேளை தப்பிப் பிழைக்கும். மண்ணின் உப்பு அரித்த காசிலோ மேடும் பள்ளமும் ஒன்றுபோலக் குழிவிழுந்து கிடக்கும். தேய்ந்த காசு நெடுநாள் மக்களிடையே வாழ்ந்தது என்பதை உணர்த்தும். அரித்த காசு எத்தகைய மண்ணில் கிடந்தது என்பதை உணர்த்தும். இரண்டும் வெவ்வேறு வரலாறுகள்.

மூன்றாவது, எடையும் அளவும் உலோகமும். முகம் அழிந்தாலும் எடை முற்றிலும் அழிவதில்லை. திபேரியுவின் தெனாரியம் ஏறத்தாழ 3.8 கிராம். கி.பி. 64-இல் நீரோ சீசர் தெனாரியத்தின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்துவிட்டதால், அதற்கு முற்பட்ட காசையே வணிகர் விரும்பினர் என்பர். கிழக்கிந்தியக் கம்பெனி 1835 முதல் வெளியிட்ட காலணாச் செப்புக்காசு ஏறத்தாழ ஆறரை கிராம். விட்டம் 25 மில்லிமீட்டர் அளவு. சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் எந்திரத்தால் அச்சிட்டு அனுப்பிய இருபது காசு நாணயம் 9 கிராமுக்கு மேல். விட்டம் 30 மில்லிமீட்டரை ஒட்டியது. 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பலில் அவ்வகைக் காசுகள் பெருந்தொகையாக இருந்தன. நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டவற்றுள் பல, கைபடாத புதுக்காசுகளாகவே இருந்தன. அதே அச்சிலிருந்து பிறந்து, கப்பல் கவிழாமல் சென்னைக்கு வந்து சேர்ந்த காசுகளோ உப்புக்கும் எண்ணெய்க்கும் கைமாறித் தேய்ந்து வழுவழுப்பாயின. எந்திரக் காசு முற்றிலும் தேய்ந்தாலும் அதன் வட்டம் பிசகுவதில்லை. சம்மட்டியால் அடித்த பழங்காசின் விளிம்போ ஒழுங்கற்றிருக்கும். எழுத்தே இல்லாத காசையும் இவ்வாறு ஏதேனும் ஒரு நூற்றாண்டுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தலாம்.

நான்காவது, ஒளி. நேர் மேலிருந்து விழும் வெயிலில் தேய்ந்த காசு ஊமை. இருட்டறையில் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விளக்கைக் காட்டி, காசை மெல்லச் சுழற்றினால், இல்லாதது போலிருந்த கோடு நிழலாக எழும். மெல்லிய தாளை மேலே வைத்து எழுதுகோலால் இலேசாகத் தேய்த்தாலும் உருவம் வருவதுண்டு. இன்று ஊடுகதிரைக் கொண்டு, காசுக்குத் தீங்கின்றி, அதன் உலோகக் கலவையை அறியவும் வழி இருக்கிறது.

ஐந்தாவது, ஒப்பிடுதல். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. முதலாம் இராசராசன் காலம் முதல் வந்த நிற்கும் மன்னர் உருவமுடைய செப்புக்காசு தமிழகத்தில் மிகுதியாகக் கிடைக்கும். அதே உருவத்தைப் பின்பற்றி இலங்கை மன்னர்களும் காசு அடித்தனர். உருவம் ஒன்று, பெயர் வேறு. எழுத்து தேய்ந்துவிட்ட காசில் உருவத்தை மட்டும் கண்டு இராசராசன் என்று பெயர் சூட்டுவது முறையாகாது. இன்ன வகையைச் சார்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்பவரே நேர்மையான ஆய்வாளர்.

நம் விருப்பமும் காசின் சொல்லும்

கொல்லியில் கிடைக்கும் எந்தக் காசையும் ஓரியின் காசு என்று சொல்ல அவ்வூரார்க்கு விருப்பம் இருக்கும். அது அன்பின் பாற்பட்ட விருப்பமே. நமக்கும் அப்படி ஒரு விருப்பம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழங்காசு ஒன்றில் இரண்டு கோடுகள் குறுக்கிடுவதைக் கண்டால் நம் உள்ளம் சிலுவை என்று துள்ளும். அடுத்த கணம் புனித தோமையாரின் பெயர் நாவுக்கு வரும்.

காசில் சிலுவை வருவதே இல்லை என்று நான் கூறவில்லை. 4, 5-ஆம் நூற்றாண்டுகளின் உரோமைச் சிறுசெப்புக்காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் கிடைக்கின்றன. கிறித்தவப் பேரரசர்கள் வெளியிட்ட அவ்வகைக் காசுகளுள் சிலவற்றில் சிலுவையோ கிறிஸ்துவின் பெயர்க்குறியோ உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் கோவாவில் போர்த்துக்கீசியர் புனித தோமையாரின் உருவத்தையே பொற்காசில் பொறித்தனர். ஆனால் நான்கு முனைகளிலும் வட்டமுடைய உச்சயினிக் குறியீடும் சிலுவை போலவே தோன்றும்; அதற்கும் நம் மறைக்கும் தொடர்பில்லை. மேலே கூறிய சென்னை இருபது காசில் இருபதைக் குறிக்கும் உரோமை எண், இரண்டு பெருக்கல் குறிகளைப் போன்றது. அவற்றுள் ஒன்று தேய்ந்து மற்றொன்று எஞ்சினால் அது புனித அந்திரேயாவின் சிலுவையாகவே கண்ணுக்குப் படும். கம்பெனியாரின் கணக்கைச் சிலுவையாக்கி வணங்குவது பக்தி ஆகாது.

காசு நமக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதற்குத் திருத்தூதர் தோமையாரின் வரலாற்றிலேயே சிறந்த சான்று உண்டு. ஏறத்தாழ மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்த 'தோமையார் பணி' என்னும் நூல், அவர் கோண்டபோரஸ் என்னும் இந்திய மன்னனின் அவைக்கு வந்ததாகக் கூறுகிறது. அப்பெயருடைய மன்னன் எவனையும் வரலாறு அறியாதிருந்ததால், நூல் முழுவதும் கட்டுக்கதை என்று எண்ணியோர் இருந்தனர். 1830-களில் சார்லஸ் மேசன் என்பவர் ஆப்கானிஸ்தானத்தில் பல்லாயிரம் பழங்காசுகளைத் திரட்டினார். அக்காலத்தில் வெளிப்பட்ட காசுகளில் கோண்டபோரஸ் என்னும் பெயர் கிரேக்க எழுத்திலும் கரோட்டி எழுத்திலும் படிக்கப்பட்டது. தக்தி பாகி என்னுமிடத்துக் கல்வெட்டும் பின்னர் அம்மன்னனைக் குறிப்பிட்டு, அவன் முதல் நூற்றாண்டினன் என்று கொள்ள வழிசெய்தது.

அக்காசுகளால் நிலைநாட்டப்பட்டது என்ன? அப்பெயருடைய மன்னன் இருந்தான் என்பது. அவன் வடமேற்கே ஆண்டான் என்பது. தோமையார் அவனைச் சந்தித்தார் என்பதற்குக் காசு சாட்சி அன்று. நூலாசிரியர் வெறுங்கற்பனையாளர் அல்லர், பழைய நினைவு ஒன்றைப் பேணியவர் என்பதற்கு அது துணை நிற்கிறது, அவ்வளவே. அவ்வளவே என்று சொல்வதால் திருத்தூதரின் மேன்மை குறைவதில்லை. நம் விசுவாசம் காசின் மேல் கட்டப்பட்டதன்று. ஆகவே காசு சொல்லாததைச் சொன்னதாகக் கூறி அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. கொல்லிப்பொறைக் காசும் அத்தகையதே. கொல்லியின் பெயரைத் தாங்கிய சேரன் ஒருவன் இருந்தான் என்பதை அது காட்டுகிறது. ஓரியின் கொடையையோ, அவன் வீழ்ந்த களத்தையோ அது காட்டவில்லை. அவற்றுக்குப் புலவரே சான்று.

கிடைத்த இடமும் ஒரு சாட்சி

காசைக் கண்டெடுத்தவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று உண்டு. காசில் உள்ள எழுத்தைவிட, அது கிடந்த இடம் சில நேரங்களில் மிகுதியாகப் பேசும். 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 உரோமைப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் சீசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தடம் காணப்பட்டது. ஒரு காசில் மட்டும் வெட்டு இருந்திருந்தால் அதைத் தற்செயல் என்று விட்டிருப்போம். எல்லாம் ஒரே இடத்தில், ஒருசேரக் கிடைத்து, உடனே அறிஞரால் ஆராயப்பட்டதனால்தான் யாரோ திட்டமிட்டு அவற்றை வெட்டினர் என்பது தெரிந்தது. இனி இவை காசாக நடமாடலாகாது, பொன்னாகவே எடை போடப்பட வேண்டும் என்பதற்காக வெட்டினர் என்பது அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று. அக்காசுகள் ஐந்நூறு கடைகளுக்குச் சிதறியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

அமராவதிக் காசுகளுக்கு நேர்ந்த குறை இதுவே. ஆறு அவற்றை மண்ணடுக்கிலிருந்து பறித்து உருட்டிவிட்டது. எந்த வீட்டின் தளத்தில், எந்தப் பானையின் அருகில், எந்தக் காலத்து மண்ணில் கொல்லிப்பொறைக் காசு கிடந்தது என்பதை இனி யாராலும் அறிய இயலாது. அது ஆற்றின் செயல். ஆனால் கருவியைக் கையில் ஏந்திக் குழிபறித்துக் காசை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை மூடுபவர், ஆறு செய்ததை அறிந்தே செய்கிறார். காசு அவர் கைக்கு வருகிறது; அதன் சாட்சியத்தின் பாதி குழியிலேயே புதைந்துபோகிறது.

சட்டமும் இதனை உணர்ந்தே இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்துகிடந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர், அது இன்னது, இன்ன இடத்தில், இன்ன நாளில் கிடைத்தது என்று மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்தால் அறிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் இசைவின்றித் தோண்டுவதை 1958-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற காசுத் தொகுப்பு பெருமளவுக்கு இவ்வாறு அறிவிக்கப்பட்ட புதையல்களால் வளர்ந்தது. இங்கிலாந்தில் 1996-இல் இயற்றிய புதையல் சட்டத்தை அடுத்து, 1997 முதல் கண்டெடுப்போர் தாமே முன்வந்து சிறு பொருள்களையும் பதிவு செய்ய ஓர் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அதன் வழியாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள், கிடைத்த இடக்குறிப்போடு, அறிவுலகின் பொதுச் சொத்தாகியுள்ளன. அச்சத்தால் மறைப்பவரைவிட, நம்பி வந்து சொல்பவரால் நாட்டுக்கு நன்மை மிகுதி என்பதை இது காட்டுகிறது. நம் பக்கத்திலோ, சொன்னால் அலைக்கழிப்பு வரும் என்று அஞ்சிப் பொற்கொல்லரின் உலையில் இட்டுவிடும் ஏழையும் உண்டு. அவரைக் குறை கூறுமுன், அவர் நம்பி வந்து கேட்கத்தக்க ஒருவர் ஊரில் இருக்கிறாரா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி ஆசிரியரோ, பங்குப் பெரியவரோ அந்த ஒருவராக இருக்கலாம். காசைத் துலக்காமல் தாளில் மடித்து, இடத்தையும் நாளையும் எழுதிவைத்து, ஆட்சியர்க்கு மனு எழுத உதவுவதற்குப் பெரும்புலமை தேவையில்லை.

விளக்கும் துடைப்பமும்

லூக்கா நற்செய்தியில் ஒரு பெண் காணாமற்போன ஒரு திராக்மாவைத் தேடுகிறாள். விளக்கேற்றுகிறாள், வீட்டைக் கூட்டுகிறாள், கிடைக்கும் வரை கவனமாகத் தேடுகிறாள். அவள் தேடுவது தன் காசையே. கைக்கு அகப்படும் ஏதோ ஒன்றைத் தன் காசென்று சொல்லி அவள் நிறைவடைவதில்லை. தேய்ந்த காசைப் படிப்பவர்க்கும் அவளிடம் இருந்த விளக்கும் பொறுமையும் வேண்டும். கிடைத்ததை மட்டும் கிடைத்ததாகச் சொல்லும் வாய்மையும் வேண்டும்.

பழங்காசு வணிகத்தில் ஒரு தீய பழக்கம் உண்டு. முகம் மழுங்கிய காசை நுண்ணுளியால் செதுக்கி, மூக்கையும் கண்ணையும் எழுத்தையும் புதிதாக உண்டாக்கிவிடுவர். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் அதன் பிறகு அது காசு அன்று, பொய். செதுக்கியவர் எண்ணிய சீசரே அதில் இருப்பார். அடித்த சீசர் இரார். அறிந்தவர் எவரும் அதைத் தம் தொகுப்பில் சேர்ப்பதில்லை. அத்தகைய காசைவிட, ஒன்றும் தெரியாத வழுவழுப்பான காசுக்கே மதிப்பு மிகுதி. ஏனெனில் அது பொய் சொல்லவில்லை.

புனித அகுஸ்தீனார் யோவான் நற்செய்திக்கு எழுதிய விளக்கவுரைகளுள் ஒன்றில், மனிதரைக் கடவுளின் காசு என்கிறார். கருவூலத்தை விட்டு வழிதவறி அலைந்ததால் அக்காசில் இருந்த உருவம் தேய்ந்துபோயிற்று. அதனை முதலில் வார்த்தவரே அதைத் திரும்ப உருவாக்க வந்தார். சீசர் தன் காசைக் கேட்பதுபோல் அவரும் தம் காசைக் கேட்கிறார் என்பது அவர் கருத்து. ஆலயத்தில் ஆண்டவர் எழுப்பிய வினாவின் உட்பொருளை இவ்விளக்கம் நமக்குத் திறந்து காட்டுகிறது. சீசரின் உருவம் வெள்ளியில் இருந்தது; கடவுளின் உருவம் அந்த வெள்ளியை நீட்டிய மனிதரிடம் இருந்தது.

தேய்ந்த மனிதரை நாம் நாள்தோறும் காண்கிறோம். குடியால் தேய்ந்தவர், கடனால் தேய்ந்தவர், பிறர் கைகளில் பட்டுப் பட்டுத் தேய்ந்தவர். அவர்கள் முகத்தில் நாம் விரும்பியதைச் செதுக்க முற்படுகிறோம்; இயலாதபோது செல்லாக்காசு என்று ஒதுக்குகிறோம். இரண்டும் நமக்குரிய வேலை அல்ல. சாய்வான ஒளியில் பொறுமையோடு பார்த்தால் ஏதேனும் ஒரு கோடு எஞ்சியிருக்கும். கொல்லியின் பெயர் ஈராயிரம் ஆண்டளவு ஆற்று மணலில் உருண்டும் முற்றிலும் அழியாமல், அரிசியளவு எழுத்தில் பிழைத்துக் கிடந்தது. அதைப் படிக்க ஒருவர் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் குனிவே நம்மிடம் கேட்கப்படுகிறது. உருவத்தை மீண்டும் பொறிக்கும் பணி, முதலில் அதைப் பொறித்தவருக்கே உரியது.